நாடு பிரிந்தது, குழாய் பிரியவில்லை: தெற்கு சூடானின் ஓட்டுக்குப் பிறகு

2011 ஜனவரி 9. தெற்கு சூடானில் வாக்குச்சாவடி திறக்கும் முன்பே, விடியற்காலை இருட்டில் மக்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஓட்டுச்சீட்டில் இரண்டு படங்கள். கோத்துப் பிடித்த இரண்டு கைகள் என்றால் சூடானோடு சேர்ந்திருப்பது; விரித்துக் காட்டிய ஒற்றைக் கை என்றால் பிரிந்து போவது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் படம் வைத்தார்கள். ஒரு வாரம் நடந்த வாக்கெடுப்பில் ஒற்றைக் கைக்கு விழுந்தவை 37,92,518 ஓட்டுகள். சேர்ந்த கைகளுக்கு 44,888. செல்லுபடியான ஓட்டுகளில் 98.83 சதவீதம் பிரிவினைக்கு. ஆறு மாதம் கழித்து, ஜூலை 9 அன்று, புது நாடு பிறந்தது. அடுத்த ஐந்தாம் நாள் அது ஐ.நா. சபையின் 193வது உறுப்பினர்.

ஒரு பகுதி தனிநாடாகப் பிரிய ஓட்டுப் போட்டால் அப்புறம் என்ன ஆகும் என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஸ்காட்லாந்தையும் கட்டலோனியாவையும் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்து 2014இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கட்டலோனியா 2017இல் நடத்திய வாக்கெடுப்பை ஸ்பெயின் ஏற்கவே இல்லை. அதனால் அங்கே எல்லாமே ஊகமாக நின்றுவிட்டது. தெற்கு சூடானில் அப்படி இல்லை. ஓட்டு நடந்தது, சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஆட்சியில் இருந்த ஒமர் அல் பஷீர் முடிவை ஏற்றுக்கொண்டார், உலகம் அங்கீகரித்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது கண்முன்னே நடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மக்கள் போட்ட ஓட்டு தவறு என்று நான் நினைக்கவில்லை. 1955 முதல் 1972 வரை ஒரு உள்நாட்டுப் போர். 1983 முதல் 2005 வரை இன்னொன்று. இரண்டாவது போரில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும். அதைத் தாண்டி உயிரோடு வந்து வரிசையில் நின்றவர்களிடம் வேறு பதிலை எதிர்பார்த்திருக்க முடியாது. என் கோபம் எல்லாம் ஓட்டுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய கணக்குகளை, ஓட்டு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்கள் மேல்தான்.

கணக்கு எண்ணெயில் தொடங்குகிறது. 1978இல் அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம் தெற்கே பெந்தியு நகரத்துக்கு அருகில் எண்ணெய் கண்டுபிடித்தது. அந்தச் செய்தி வந்த கையோடு, எண்ணெய் உள்ள நிலத்தை வடக்கோடு சேர்க்கும்படி எல்லையைத் திருத்த கார்ட்டூம் முயன்றது. சுத்திகரிப்பு ஆலையையும் வடக்கில்தான் கட்டுவோம் என்றது. 1983இல் போர் மறுபடி வெடித்ததற்கு இஸ்லாமியச் சட்டத்தைத் திணித்தது போலவே இதுவும் ஒரு காரணம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே சீனா, மலேசியா, கனடா நிறுவனங்கள் முதலீடு செய்து, எண்ணெய் வயல்களிலிருந்து செங்கடல் ஓரமாக இருக்கும் போர்ட் சூடான் துறைமுகம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் குழாய் போட்டன. 1999இல் முதல் கப்பல் கிளம்பியது. கனடா நிறுவனம் விலகியபோது அதன் 25 சதவீதப் பங்கை 2003இல் வாங்கியது இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேஷ். அப்புறம் மேல் நைல் மாகாணத்திலிருந்து இரண்டாவது குழாய் ஒன்றும் வந்தது. இரண்டுமே வடக்கு நோக்கித்தான் போகின்றன. தெற்குக்குக் கடல் இல்லை.

2005இல் கையெழுத்தான சமாதான ஒப்பந்தம் ஆறு வருட இடைக்காலம் கொடுத்தது. தெற்கு நிலத்தில் எடுக்கும் எண்ணெய் வருமானத்தை இரு தரப்பும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆறு வருடத்தின் முடிவில் தெற்கு மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஒற்றுமையைக் கவர்ச்சியாக்குவது இரு தரப்பின் பொறுப்பு என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதை நம்பிய ஒரே பெரிய தெற்குத் தலைவர் ஜான் கராங். பிரிவினையைவிட, எல்லோருக்குமான புதிய சூடான் என்பதுதான் அவர் பேசிய பேச்சு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே வருடம் ஜூலை மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார். அடுத்துத் தெற்கின் தலைவராக வந்த சல்வா கீருக்கு அந்தக் கனவில் பெரிய பிடிப்பு இல்லை. கார்ட்டூமும் ஒற்றுமையைக் கவர்ச்சியாக்க எதுவும் செய்யவில்லை.

சரி, பிரிவது என்று ஆகிவிட்டால் குழாய்க்கு என்ன வாடகை? வெளிநாட்டுக் கடனை யார் கட்டுவது? எல்லைக்கோடு எங்கே ஓடும்? வடக்கில் குடியிருக்கும் லட்சக்கணக்கான தெற்கத்தியர் எந்த நாட்டுக் குடிமக்கள்? 2011 ஜூலை 9 அன்று கொடி ஏறியபோது இவற்றில் ஒன்றுக்குக்கூட முழுப் பதில் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் நார்வேயும் சமாதானத்துக்குப் பின்னால் நின்ற நாடுகள். வாக்கெடுப்பு குறித்த தேதியில் நடந்தாக வேண்டும் என்பதில் அவை காட்டிய உறுதியை மற்ற எதிலும் காட்டவில்லை. தேதி தள்ளிப்போனால் போர் வரும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்னால் இரு தரப்புக்கும் ஒருவர் மற்றவரிடம் கேட்டுப் பெற ஏதோ இருந்தது. பிரிந்த மறுநாள் அது போய்விட்டது.

பிரிந்தபோது பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு, நாளொன்றுக்கு சுமார் 3,50,000 பீப்பாய், தெற்குக்குப் போனது. குழாயும் துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலைகளும் வடக்கில் நின்றன. புது நாட்டு அரசின் வருமானத்தில் 98 சதவீதம் எண்ணெய். வடக்குக்கோ அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் எண்ணெய், ஏற்றுமதியில் கிட்டத்தட்ட முழுவதும் எண்ணெய். அதில் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று. ஒருவர் கையில் பொருள், இன்னொருவர் கையில் பாதை. இரண்டு பேருமே மற்றவன்தான் முதலில் விழுவான் என்று நினைத்தார்கள்.

குழாய் வாடகையாக சூடான் பீப்பாய்க்கு 32 முதல் 36 டாலர் வரை கேட்டது. தெற்கு தருவதாகச் சொன்னது ஒரு டாலருக்கும் கீழே. அந்த நாளில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாயின் விலை 100 டாலருக்கு மேல். பேச்சு முறிந்ததும், பாக்கிக்கு ஈடாக என்று சொல்லி சூடான் குழாயில் வந்த எண்ணெயைத் தானே எடுத்து விற்கத் தொடங்கியது. 81.5 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைத் திருடிவிட்டார்கள் என்றது தெற்கின் தலைநகர் ஜூபா. 2012 ஜனவரி மாதம் தெற்கு சூடான் தன் எண்ணெய்க் கிணறுகள் எல்லாவற்றையும் மூடியது.

தன் வருமானத்தில் 98 சதவீதத்தை ஓர் அரசு தன் கையாலேயே நிறுத்தியது வரலாற்றில் அதிகம் இல்லை. ஜூபாவில் மக்கள் அதைக் கொண்டாடினார்கள். திருடனுக்குக் கொடுப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்ற மனநிலை அது. போராடியே பழகிய மக்களுக்கு அது இயல்பும்கூட. கென்யாவின் லாமு துறைமுகத்துக்குப் புதுக் குழாய் போடுவோம், வடக்கை மறந்துவிடலாம் என்று தலைவர்கள் சொன்னார்கள். அந்த மார்ச்சில் லாமுவில் அடிக்கல் நாட்டு விழாவும் நடந்தது. தெற்கு சூடானிலிருந்து அங்கே ஒரு குழாய் இன்றுவரை வரவில்லை.

இதில் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு, அரசியல் பேசுபவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. அந்த ஊர்க் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு குறைந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்து இறுகிவிடும். தண்ணீர்க் குழாயைத் திருகி மூடுவது போல இதை மூட முடியாது. நிறுத்துவதற்கு முன் உள்ளே இருக்கும் எண்ணெயைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை நிரப்ப வேண்டும். திரும்பத் தொடங்க மாதக்கணக்கில் வேலை. ஆகவே மூடுவது என்ற முடிவு ஒரு வாரத்தில் எடுக்கக் கூடியது. திறப்பது அப்படி இல்லை. பதினைந்து மாதம் எண்ணெய் ஓடவில்லை. 2012இல் தெற்கு சூடானின் பொருளாதாரம் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியது. ஏப்ரல் மாதம் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் சூடான் வசம் இருந்த ஹெக்லிக் எண்ணெய் வயலுக்காக மோதின. தெற்கு அதைப் பிடித்தது, பத்து நாளில் உலக நெருக்கடிக்குப் பணிந்து விட்டுவிட்டது.

2012 செப்டம்பரில் எத்தியோப்பியத் தலைநகர் ஆடிஸ் அபாபாவில் ஒப்பந்தம் ஆனது. எந்தக் குழாய் என்பதைப் பொறுத்துப் பீப்பாய்க்கு 9 முதல் 11 டாலர் வாடகை. அதற்கு மேல், எண்ணெயை இழந்த வடக்குக்கு இழப்பீடாக மூன்றரை வருடத்தில் 300 கோடி டாலருக்குச் சற்று அதிகம். அதையும் பீப்பாய்க்கு 15 டாலர் வீதம் கட்ட வேண்டும். மொத்தம் 24, 26 டாலர். எண்ணெய் 100 டாலருக்கு விற்கும்போது இது தாங்கக் கூடிய தொகைதான். ஆனால் சந்தை விலை எதுவாக இருந்தாலும் கட்டணம் மாறாது என்று எழுதினார்கள். 2016 ஜனவரியில் உலகச் சந்தையில் விலை 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அப்போது ஒரு பீப்பாய் விற்று, குழாய்க் காசும் இழப்பீடும் கட்டிவிட்டுப் பார்த்தால் ஜூபாவுக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடி கார்ட்டூம் வாசலில் நிற்க வேண்டி வந்தது.

பணம் நின்றபோது அரசியலும் ஆடத் தொடங்கியது. இதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வாட்டுகிற பகுதி. தெற்கின் விடுதலை இயக்கம் ஒரே அணியாக இருந்ததில்லை. போர்க் காலத்திலேயே அது உடைந்து, கார்ட்டூம் பக்கம் நின்று தெற்கத்தியரையே சுட்ட ஆயுதக் குழுக்கள் பல இருந்தன. 2006இல் சல்வா கீர் அந்தக் குழுக்களின் தளபதிகளை எல்லாம் அரவணைத்து, அவர்கள் ஆட்களை ராணுவச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார். வாக்கெடுப்பு அமைதியாக நடந்ததற்கு இதுவும் காரணம். ராணுவச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். சம்பளமும் பதவியும் எண்ணெய்க் காசில் ஓடும் வரைக்கும் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

எண்ணெய் நின்றதும் பங்கு போடக் காசில்லை. 2012 மே மாதம் அதிபர் சல்வா கீர் இந்நாள், முன்னாள் அதிகாரிகள் 75க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 400 கோடி டாலர் கணக்கில் இல்லை, எடுத்தவர்கள் திருப்பித் தாருங்கள் என்பது அதன் சாரம். 2013 ஜூலையில் துணை அதிபர் ரியக் மச்சாரை நீக்கினார். டிசம்பர் 15 இரவு ஜூபாவில் அதிபரின் காவல் படைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. அடுத்த சில நாட்களில் டிங்கா, நூயர் என்று இனம் பார்த்துக் கொலைகள். எண்ணெய்ப் பகுதி நகரங்களான பெந்தியுவும் மலகாலும் திரும்பத் திரும்பக் கைமாறி நாசமாயின. ஐந்து வருடத்தில் போரால் நேரடியாகவும் மறைமுகமாகவும் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2016 அக்டோபரில் பண வீக்கம் 800 சதவீதத்தைத் தாண்டியது. 2018இல் ஒரு சமாதான ஒப்பந்தம் வந்தது. சுதந்திர நாடாகி ஒரு பொதுத் தேர்தல்கூட நடக்கவில்லை; தேதி குறித்து, தள்ளிவைத்து, 2024 டிசம்பரில் நடக்க வேண்டியதை 2026 டிசம்பர் என்றார்கள். 2025 மார்ச்சில் மச்சாரை வீட்டுக் காவலில் வைத்தார்கள்.

பிரிவினையால்தான் இந்தப் போர் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பிளவுகள் பழையவை. பொது எதிரி போனதும் வெளியே வந்தன. ஆனால் எண்ணெயை மூடிய அந்தப் பதினைந்து மாதம் இல்லாதிருந்தால், அரவணைத்து வைத்திருந்த அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் உண்மையான அரசாக மாற்ற அவகாசம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். வாடகைக் கணக்கு 2010இலேயே முடிந்திருந்தால் எண்ணெயை மூட வேண்டிய தேவையே வந்திருக்காது.

பிரிந்து போனவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். விட்டுவிட்டுப் போன நாட்டுக்கு என்ன ஆயிற்று என்பது இதே அளவு முக்கியம். எண்ணெய் டாலர் போனதும் சூடான் பவுண்டு சரிந்தது. எரிபொருள் மானியத்தை வெட்டியபோது 2013 செப்டம்பரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு சுட்டதில் சுமார் 200 பேர் இறந்தார்கள். எண்ணெய்க்கு மாற்றாக அரசு கையில் எடுத்தது தங்கம். டார்ஃபூரில் ஜெபல் ஆமிர் மலையில் தங்கம் கிடைத்ததும் ஊர் ஊராக ஆட்கள் தோண்டப் போனார்கள். ஆனால் எண்ணெயைக் குழாயில் அடைத்துத் தலைநகரம் கட்டுப்படுத்தலாம், தங்கத்தை அப்படி முடியாது. துப்பாக்கி வைத்திருப்பவன் அள்ளிக்கொண்டு போவான். 2017இல் அந்த மலையைக் கைப்பற்றியவர் ஹெமெட்டி என்று அறியப்படும் துணைப்படைத் தலைவர். தங்கம் அவரை நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக்கியது, அவரது படையைத் தனி ராணுவமாக்கியது. 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்று பவுண்டு ஆனபோது அத்பரா நகரத்தில் கிளம்பிய போராட்டம், 2019 ஏப்ரலில் முப்பது வருடம் ஆண்ட பஷீரை இறக்கியது. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவமும் ஹெமெட்டியின் படையும் கார்ட்டூமில் மோதத் தொடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள்.

கடன் விஷயமும் அப்படித்தான். பிரியும்போது பழைய நாட்டின் வெளிநாட்டுக் கடன், கிட்டத்தட்ட 3,800 கோடி டாலர், முழுவதையும் வடக்கே ஏற்றுக்கொண்டது. இரண்டு வருடத்துக்குள் உலக நாடுகள் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும், இல்லையென்றால் தெற்கோடு பங்கு போடுவோம் என்பது நிபந்தனை. தள்ளுபடி வரவில்லை. 2021 ஜூனில்தான் அந்த வழி திறந்தது, அக்டோபரில் ராணுவப் புரட்சி நடந்து மறுபடி அடைத்துக்கொண்டது. கார்ட்டூமின் ஆட்சியாளர்கள் மேல் எனக்கு எந்தப் பரிவும் கிடையாது. ஆனால் பக்கத்து நாடு திவாலானால் அதன் வழியாகவே எண்ணெய் அனுப்பும் நாடு எப்படி நிமிரும்?

சாதாரண மக்கள் பட்டது வேறு வகை. 2011 ஜூலை 18 அன்று தெற்கு தன் புது நாணயத்தை வெளியிட்டது. சில நாளிலேயே வடக்கும் புது நோட்டு அடித்துப் பழையதைச் செல்லாததாக்கியது. தெற்கில் திரட்டி வைத்திருந்த பழைய நோட்டுகளை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வடக்கில் தலைமுறையாக வாழ்ந்த தெற்கத்தியர் குடியுரிமையை இழந்தார்கள். ஊர் திரும்பலாம் என்று வெள்ளை நைல் நதிக்கரையில் கோஸ்டி துறைக்கு மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள், படகு கிடைக்காமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். 2012இல் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்களை விமானத்தில் ஏற்றி ஜூபாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இரு நாடும் உரிமை கோரும் எல்லைப் பகுதியான அபியே மக்களுக்கு ஓட்டே கிடைக்கவில்லை. தெற்கு வாக்கெடுப்பு நடந்த அதே நாளில் அவர்களுக்கும் தனி வாக்கெடுப்பு என்று ஒப்பந்தம் சொன்னது. அங்கேயே வாழும் இங்கோக் டிங்கா மக்களோடு, மாடு மேய்க்கப் பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் மிஸ்ஸிரியா மக்களுக்கும் ஓட்டு உண்டா என்ற கேள்வியில் அது நின்றது. இன்னும் நிற்கிறது.

வேறு மாதிரி செய்திருக்க முடியுமா? கிழக்கு திமோரைப் பார்க்கலாம். 1999 ஆகஸ்டில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிலிருந்து விலக ஓட்டுப் போட்டார்கள். முடிவு வந்ததும் அங்கேயும் ஊர்கள் எரிந்தன. ஆனால் முழுச் சுதந்திரத்துக்கு முன் ஐ.நா. நிர்வாகத்தில் இரண்டரை வருடம் கிடைத்தது. கடலடி எண்ணெயைப் பங்கிடுவது பற்றி ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் 2002 மே 20, சுதந்திர நாளன்றே கையெழுத்தானது. அது திமோருக்கு முழு நியாயம் செய்யவில்லை, பின்னாளில் அதைப் பெரிய சண்டை போட்டுத் திருத்த வேண்டி வந்தது. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே யாருக்கு எவ்வளவு என்ற எழுத்து இருந்தது. 2005இல் எண்ணெய்ப் பணத்துக்குத் தனி நிதியம் அமைத்துச் சட்டம் போட்டார்கள். ஏழ்மை இன்னும் போகவில்லை, எண்ணெயை நம்பியிருப்பதும் தீரவில்லை. ஆனால் அந்த நாடு தேர்தல் நடத்துகிறது, தோற்றவர் பதவியை விட்டு இறங்குகிறார்.

2024 பிப்ரவரியில் மேல் நைல் எண்ணெய் வரும் குழாய், சூடான் போரின் நடுவே வெடித்தது. எண்ணெயைச் சூடாக வைத்துத் தள்ளும் நிலையங்களுக்கு டீசல் கொண்டுபோக முடியாததால் மெழுகு உள்ளே உறைந்திருந்தது. இந்தத் தடவை மூடியது யாரும் முடிவெடுத்து அல்ல. கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தக் குழாய் ஓடவில்லை. ஜூபாவில் அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. 2025 தொடக்கத்தில் எண்ணெய் மறுபடி வடக்கே போகத் தொடங்கியது. அதற்குள் வடக்கிலிருந்து போருக்குத் தப்பி எல்லை தாண்டித் தெற்குக்கு வந்து சேர்ந்தவர்கள் 10 லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர், 2011இல் ஊர் திரும்பாமல் வடக்கிலேயே தங்கிவிட்ட தெற்கு சூடான் மக்களும், 2013க்குப் பிறகு தெற்கின் போருக்குப் பயந்து வடக்கே ஓடியவர்களும்தான்.